அப்பாவின் ஸ்டீரியோ செட்டில் எம்பி3 சிடி: சிலது பாடுகிறது, சிலது ஏன் பாடுவதில்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான். வாசகர் ஒருவரின் அப்பாவிடம், சிங்கப்பூர் ஈசூன் வட்டாரத்து வீட்டில், ஒரு மினி ஹை-ஃபை செட் இருக்கிறது, 2004 வாக்கில் வாங்கியது. கூடவே ஒரு ஷூ பெட்டி நிறைய சிடிகள். சிலது சிராங்கூன் சாலைப் பக்கம் கடைகளில் வாங்கியவை, சிலது ஊரிலிருந்து வந்த உறவினர்கள் பதிந்து கொண்டுவந்த எம்பி3 டிஸ்க்குகள். ஒன்று பாடுகிறது, இன்னொன்றுக்கு ‘நோ டிஸ்க்’ என்று வருகிறது. வேறொன்றில் பாட்டு வரிசை கன்னாபின்னாவென்று இருக்கிறது, பாட்டின் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடும் கட்டமும். மகள் தன் மடிக்கணினியில் புதிதாகப் பதிந்து கொடுத்த டிஸ்க்கையோ செட் ஏற்கவே இல்லை. செட்டை மாற்றிவிடலாமா என்று வாசகர் கேட்கிறார்.

மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் பெரும்பாலானவை டிஸ்க் எழுதப்பட்ட விதத்தால் வருபவை. ஆனால் செட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதை இந்த வாரமே செய்துவிடுங்கள்: பழைய டிஸ்க்குகளில் இருக்கும் கோப்புகளை எல்லாம் கணினிக்கு எடுத்துவிடுங்கள். செட் பழுதானால் இன்னொரு செட் கிடைக்கும். உறவினர் 2003இல் பதிந்து கொடுத்த அந்த 140 பாட்டுகளின் தொகுப்பு வேறெங்கும் கிடைக்காது. எப்படி எடுப்பது என்று பிறகு சொல்கிறேன்.

பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அந்தப் பெட்டியில் இரண்டு வகை டிஸ்க் இருக்கிறது. ஒன்று ஆடியோ சிடி, 1982இல் விற்பனைக்கு வந்த முறை. ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில், இடம் வலம் என்று இரண்டு தடத்துக்கும் எழுதுவார்கள். விநாடிக்கு 1,411 கிலோபிட் செலவாகும். அதனால்தான் ஒரு தட்டில் அதிகபட்சம் 80 நிமிடம், அதாவது ஐந்து நிமிடப் பாட்டு பதினாறு. இரண்டாவது வகை, அதே தட்டைக் கணினியின் சேமிப்பிடமாகப் பயன்படுத்துவது. 700 எம்பி இடம். விநாடிக்கு 128 கிலோபிட்டாக (128 கேபிபிஎஸ்) சுருக்கிய எம்பி3யில் ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 4.8 எம்பிதான் என்பதால் 140க்கு மேல் தாராளமாக அடங்கும். 192இல் நூறு, 320இல் அறுபது.

ஆடியோ சிடியைப் பாட வைக்கச் செட்டுக்குப் பெரிய அறிவு வேண்டாம். எம்பி3 டிஸ்க்குக்கு வேண்டும். கோப்புறைகளைத் திறந்து, கோப்பைத் தேடி எடுத்து, சுருக்கப்பட்ட ஒலியை விரித்துத் தர ஒரு சில்லு உள்ளே இருக்க வேண்டும். 90களின் செட்டுகளில் அது இருக்காது. உங்களுடையது 2004 என்பதால் இருக்க வாய்ப்பு அதிகம். டிரே பக்கத்தில் ‘எம்பி3’ என்ற குறி அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைத் தேடினால் பெரும்பாலும் பயனர் கையேடு பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். அதில் எந்தெந்த டிஸ்க் பாடும் என்று ஒரு பக்கம் இருக்கும். அதை மட்டும் அச்செடுத்து செட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, காதால் பார்க்கும் சோதனை. அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, டிஸ்க்கைப் போட்டு, டிரே மூடியதும் காதைக் கிட்டே கொண்டுபோங்கள். கடையில் வாங்கிய ஆடியோ சிடி என்றால் ‘விர்ர்’ என்று ஒரே சீராகச் சுற்றும், சில விநாடியில் மொத்தப் பாட்டும் மொத்த நிமிடமும் திரையில் வந்துவிடும். எம்பி3 டிஸ்க் என்றால் அதைவிட நேரமாகும், கோப்புறைகளைப் படித்து முடிக்க வேண்டுமே. சுற்றல் வேகமெடுத்து, தளர்ந்து, மறுபடி வேகமெடுத்து, நடுவில் ‘டிக் டிக்’ என்று லென்ஸ் மேலும் கீழும் தேடும் சத்தம் கேட்டு, கடைசியில் ‘நோ டிஸ்க்’ என்று வந்தால், செட்டால் அந்தத் தட்டைப் பார்க்கவே முடியவில்லை என்று அர்த்தம். திரையில் ஒரே ஒரு பாட்டு, எழுபது எண்பது நிமிட நீளம், ஆனால் சத்தமே இல்லை என்றால், தட்டு நன்றாகத்தான் தெரிகிறது, எம்பி3யை விரிக்கும் சில்லுதான் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேவையில்லாமல் லென்ஸ் மாற்றச் சொல்லிக் காசு கொடுப்பீர்கள்.

இப்போது மகள் பதிந்த டிஸ்க். அவர் மேல் தவறே இல்லை, விண்டோஸ் கேட்கும் கேள்விதான் குழப்புகிறது. வெற்று டிஸ்க்கைப் போட்டதும் ‘யுஎஸ்பி டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி டிவிடி பிளேயருக்காகவா’ என்று ஒரு சிறு பெட்டி வரும். முதல் விருப்பம் வசதியாகத் தெரியும், பலரும் அதையே அழுத்துவார்கள். அதில் எழுதினால் யுடிஎஃப் என்ற கோப்பு அமைப்பில் போய் உட்காரும். கணினிக்குப் புரியும், 2004ஆம் ஆண்டு செட்டுக்குப் பெரும்பாலும் புரியாது. இரண்டாவது விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால் எம்பி3 படிக்கத் தெரிந்த பழைய செட்டுகள் அறிந்த ஐஎஸ்ஓ 9660 அமைப்பில் எழுதும். மெக் கணினியில் மியூசிக் செயலியில் ‘ஆடியோ சிடி’, ‘எம்பி3 சிடி’, ‘டேட்டா சிடி’ என்று மூன்று கேட்கும், நடுவில் உள்ளதை எடுங்கள். விண்டோஸில் இம்க்பர்ன் போன்ற இலவசச் செயலி கையில் இருந்தால் இன்னும் நல்லது. ஐஎஸ்ஓவும், நீளமான கோப்புப் பெயர்களுக்கான ஜோலியட்டும் சேர்த்து எழுதச் சொல்லலாம், வேகத்தையும் நீங்களே குறைக்கலாம்.

கூடவே இன்னொரு விஷயம்: டிஸ்க்கை மூட வேண்டும். ‘ஃபைனலைஸ்’ அல்லது ‘குளோஸ் டிஸ்க்’ என்று இருக்கும். மூடாமல் விட்டால் பிறகு இன்னும் நாலு பாட்டு சேர்க்கலாம் என்று தோன்றும், ஆனால் பல செட்டுகள் மூடாத டிஸ்க்கைக் கண்டாலே விலகிவிடும். இரண்டு மூன்று தவணையாகச் சேர்த்த டிஸ்க்கில் முதல் தவணைப் பாட்டுகள் மட்டும் பாடுவதும் இதே குடும்பத்துக் கோளாறுதான். ஒரே தடவையில் எல்லாப் பாட்டையும் எழுதி மூடிவிடுங்கள். வெற்று டிஸ்க் ஒன்றும் பெரிய விலை இல்லை.

வாங்கும்போது சிடி-ஆர் என்று பார்த்து வாங்குங்கள். அழித்து அழித்து எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம். கடை சிடியும் சிடி-ஆரும் லேசர் வெளிச்சத்தில் ஏறக்குறைய 70 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். ஆர்டபிள்யூ 15 முதல் 25 விழுக்காடுதான். வயதான லேசருக்கு அது போதாது. டிவிடி-ஆரில் பதிந்தால் ஆயிரம் பாட்டு கொள்ளுமே என்றும் சிலர் கேட்பார்கள். சிடி லேசர் 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர். சிடி மட்டும் பாடும் செட்டால் டிவிடியில் உள்ள நுண்ணிய புள்ளிகளைப் படிக்க வழியே இல்லை. பர்ன் செய்யும் வேகத்தை 16 மடங்கு அளவில் வைத்தால் பழைய செட்டுகள் படிக்கத் தகுந்த மாதிரி வரும். 52 மடங்கில் எழுதி மிச்சமாகும் இரண்டு மூன்று நிமிடத்தால் உங்களுக்கு என்ன லாபம்?

பாட்டுக் கோப்புகளுக்கு வருவோம். கணினியில் பாடுகிறது என்பதற்காகச் செட்டிலும் பாடும் என்று நினைக்க வேண்டாம். எம்4ஏ, ஃபிளாக் என்ற வேறு ஒலிக்கோப்பு வகைகள் இரண்டையும் அந்தக் காலத்து மினி செட்டுகள் பெரும்பாலும் ஏற்காது. எம்4ஏ கோப்பின் பெயரை எம்பி3 என்று மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது, செட் அதைத் தாண்டிப் போய்விடும். ஒழுங்காக மாற்றித்தான் ஆக வேண்டும். நான் பழைய செட்டுகளுக்குத் தருவது 44.1 கிலோஹெர்ட்ஸ், 192 கேபிபிஎஸ், மாறாத பிட்ரேட் (பாட்டு முழுக்க விநாடிக்கு ஒரே அளவு பிட்). மாறும் பிட்ரேட் கோப்புகளும் பலவற்றில் பாடும், ஆனால் ஓடும் நேரத்தைத் தப்பாகக் காட்டும், சில செட்டுகள் திணறும். ஏற்கெனவே 128இல் இருக்கும் பழைய கோப்பை 192 ஆக மாற்றாதீர்கள். இழந்த ஒலி திரும்பி வராது, இன்னொரு முறை சுருக்கியதில் கொஞ்சம் கூடுதலாகவே போகும். அதை அப்படியே விடுங்கள். 50கள் 60களின் திரைப்பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைத் தட ஒலிப்பதிவுதான். அவற்றை மோனோவாகவே 96இல் வைத்தாலும் அந்தச் செட்டில் கேட்கக் குறையொன்றும் தெரியாது, ஒரு டிஸ்க்கில் இன்னும் நிறையப் பிடிக்கும்.

வரிசை கலைவதற்குக் காரணம் எளிது. செட்டுகள் சில பெயரை வைத்து அடுக்கும், சில டிஸ்க்கில் எழுதப்பட்ட வரிசையிலேயே பாடும். பெயரை வைத்து அடுக்கும் செட்டுக்கு 10 என்பது 2க்கு முன்னால் வரும், ஏனென்றால் அது முதல் எழுத்தை மட்டுமே முதலில் பார்க்கிறது. அதனால் ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் 001, 002 என்று மூன்று இலக்கத்தில் எண் போட்டுவிடுங்கள். கோப்புறைக்குள் கோப்புறை வேண்டாம், ஒரே அடுக்கு போதும். ஒரு டிஸ்க்கில் எத்தனை கோப்பு என்பதற்கும் வரம்பு உண்டு. 99 கோப்புறை, 255 கோப்பு என்பது பல செட்டுகளில் நான் பார்த்த கணக்கு, உங்கள் கையேட்டில் சரியான எண் இருக்கும். அப்பாவுக்குக் கைக்கடக்கமாக இருக்க, ஒரு டிஸ்க்கில் ஐந்தாறு கோப்புறை, ஒவ்வொன்றிலும் இருபது பாட்டு என்று வைத்தால் ரிமோட்டில் கோப்புறையைத் தாண்டுவது அவருக்குச் சுலபம்.

பெயர் வராத விஷயம். அந்தச் சின்ன திரைக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டுமே தெரியும். யூனிகோட் தமிழில் பெயர் வைத்தால் கோடு, கட்டம், அல்லது வெற்றிடம்தான். வேறு வழியில்லை, பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். கோப்பின் பெயர் ஒன்று, உள்ளே பொதிந்திருக்கும் ஐடி3 குறிப்பு வேறொன்று. பல செட்டுகள் இரண்டாவதைத்தான் காட்டும். எம்பி3டேக் என்ற செயலியில் மொத்தக் கோப்புறையையும் திறந்து ஒரே மூச்சில் திருத்திவிடலாம். பழைய டிஸ்க்குகளில் இந்தக் குறிப்பு திஸ்கி போன்ற, யூனிகோடு பரவும் முன் புழங்கிய தமிழ் எழுத்துருக் குறியீட்டில் இருந்தால், கணினியிலும் அது தலையில் கோடும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். அழித்துவிடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் ஒட்டினால் பாடகர் பெயரும் படப்பெயரும் திரும்பக் கிடைக்கும். அந்தத் தகவலைத் தட்டச்சு செய்தவர் எவ்வளவோ நேரம் உட்கார்ந்து செய்திருப்பார்.

ஒரு பாட்டு காதைக் கிழிக்கிறது, அடுத்தது கேட்கவே இல்லை என்றால் எம்பி3கெயின் என்ற செயலி கோப்பை மறுபடி சுருக்காமலேயே ஒலியளவை 1.5 டெசிபெல் படிகளில் ஏற்றி இறக்கும். ராத்திரியில் ஒவ்வொரு பாட்டுக்கும் ரிமோட்டைத் தேட வேண்டியதில்லை. அடுக்குமாடியில் பக்கத்து வீட்டாருக்கும் நிம்மதி.

இனி பழைய டிஸ்க்குகளைக் காப்பாற்றும் வேலை. பதிந்த சிடியில் பாட்டு இருப்பது ஒரு மெல்லிய சாயப் படலத்தில். அதன் மேல் கண்ணாடிபோல் ஓர் உலோகப் பூச்சு, அதற்கும் மேல் அரக்கு, அவ்வளவுதான். அடிப்பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் காக்கிறது, மேல்பக்கத்தில் காவலே இல்லை. அதனால் பெயர் எழுதியிருக்கும் பக்கத்தில் விழும் கீறல்தான் ஆபத்து. வெளிச்சம், சூடு, ஈரம் மூன்றும் இந்தப் படலத்துக்கு எதிரி. சிங்கப்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். மேற்கு வெயில் விழும் ஜன்னலோர அலமாரியில் இருபது வருடம் இருந்த டிஸ்க் இன்னும் பாடுகிறதென்றால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ஒரு டிஸ்க்கை எடுத்து மேசை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே உலோகப் பூச்சு உதிர்ந்துவிட்டது. விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பழுப்பேறியிருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. டிஸ்க்கில் பதிவது நடுவிலிருந்து வெளியே போகும் என்பதால், விளிம்பு கெட்ட டிஸ்க்கில் முதலில் போவது கடைசிப் பாட்டுகள்தான். இப்படிப்பட்டவற்றையும், மேலே காகித லேபிள் ஒட்டியவற்றையும் முதலில் எடுங்கள்.

மடிக்கணினியில் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் முஸ்தபாவிலோ சிம் லிம் ஸ்குவேரிலோ கேட்டுப் பாருங்கள். எம்பி3 டிஸ்க் என்றால் வெறும் காப்பி போதும், கோப்பு அப்படியே ஒரு பிட் மாறாமல் வரும். ஆடியோ சிடி என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற செயலியில் எடுத்து, ஃபிளாக் ஆக ஒரு பிரதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து செட்டுக்கு எம்பி3 செய்யுங்கள். பாதியில் நின்றுவிடும் டிஸ்க்கை மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தடத்தின் திசையிலேயே கீறல் விழுந்தால் அடுத்தடுத்த தகவல் நீளமாகக் காணாமல் போகும், பிழைதிருத்த முறையால் ஈடுகட்ட முடியாது. குறுக்கே விழும் கீறலை அது சமாளிக்கும். அப்படியும் படிக்கவில்லையென்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட டிஸ்க்கை இன்னொன்று சாதாரணமாகப் படிப்பதை நிறையவே பார்த்திருக்கிறேன். எடுத்ததை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று வேறொருவர் வீட்டில்.

இவ்வளவுக்கும் பிறகு கடையில் வாங்கிய ஒரிஜினல் சிடியே தடுமாறுகிறதென்றால்தான் செட்டைச் சந்தேகிக்க வேண்டும். நம் வீடுகளில் செட் பெரும்பாலும் வரவேற்பறையில், சாமி மாடத்துக்குக் கீழேயோ பக்கத்திலேயோ இருக்கும். தினமும் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. அந்தப் புகையும் சமையலறை எண்ணெய்ப் பசையும் சேர்ந்து லென்ஸின் மேல் மங்கலாகப் படியும். மின்செருகியைக் கழற்றிவிட்டு, லென்ஸ் கைக்கு எட்டும் வகைச் செட்டாக இருந்தால், பஞ்சுக் குச்சியில் துளி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, கண் இமையைத் தொடுவதுபோல் அழுத்தாமல் ஒரு தடவை துடையுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் போச்சு. செட்டைப் பிரிக்க வேண்டியிருந்தால் தெரிந்தவரிடம் கொடுங்கள். டிரே பாதியில் நிற்பது வேறு நோய், உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், சின்ன வேலை.

லேசரே போய்விட்டது என்று பழுதுபார்ப்பவர் சொன்னாலும் ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். புளூடூத் வாங்கிக்கொள் என்று எல்லாரும் சொல்வார்கள். கைப்பேசியில் பாட்டைத் தேடி அழுத்துவது அப்பாவுக்குப் பழக்கம் என்றால் சரி. டிஸ்க்கைக் கையில் எடுத்துப் போட்டுக் கேட்பவருக்கு அதைவிட நல்ல வழி, ஒரு பழைய டிவிடி பிளேயர். 2000களின் பிற்பகுதியில் வந்தவை பெரும்பாலும் எம்பி3 டிஸ்க்கை நன்றாகவே படிக்கும், சில மாடல்கள் யுஎஸ்பியும் ஏற்கும். யுஎஸ்பி என்றால் எஃப்ஏடி32 அமைப்பில் தயார் செய்யுங்கள், எக்ஸ்ஃபேட்டைப் பழைய பெட்டிகள் ஏற்பதில்லை. பிளேயரின் பின்னால் உள்ள சிவப்பு வெள்ளைத் துளைகளிலிருந்து ஒரு ஆர்சிஏ கம்பியை எடுத்து, செட்டின் பின்னால் ‘ஆக்ஸ்’ என்று எழுதிய துளைகளில் செருகுங்கள். பக்கத்தில் ‘ஃபோனோ’ என்று ஒரு ஜோடி இருந்தால் அதில் செருக வேண்டாம். அது இசைத்தட்டு ஊசியின் மெல்லிய மின் சமிக்ஞையைப் பெரிதாக்குவதற்கானது, அதில் கொடுத்தால் சத்தம் கரகரவென்று உடைந்துதான் வரும்.